இராப்போசனம்



தெல்லிப்பழையில் எங்கள் பக்கத்து வளவில் அமெரிக்க மிஷன் சபையைச் சேர்ந்த குடும்பமொன்று இருந்தது. ஒரு ஞாயிறு காலமை அந்த வீட்டு அக்கா வெள்ளைச் சேலையோடு வேலியால் எட்டி, "இண்டைக்கு இராப்போசனம் ஆச்சி, வர நேரஞ் செல்லும்" என்றா. எங்கள் ஆச்சி சைவப்பழம். "விடியக்காலமை என்ன பிள்ளை இராச்சாப்பாடு?" என்று கேட்டா. அக்கா சிரித்துக்கொண்டே போய்விட்டா.

அந்தக் கேள்விக்குப் பதில் எனக்கு ஜேர்மனியில்தான் கிடைத்தது. தேவாலய வாசலில் 'ஆபென்ட்மால்' என்று எழுதியிருந்தது. 'ஆபென்ட்' மாலை, 'மால்' உணவு. ஒருகாலத்தில் அது வெறும் மாலைச் சாப்பாடுதான். மார்ட்டின் லூதர் 1522 இல் புதிய ஏற்பாட்டை ஜேர்மன் மொழியில் தந்தபோது கர்த்தருடைய விருந்துக்கு அச்சொல்லை வைத்தார். சூரிச்சில் சுவிங்கிளியோ 'நாக்ட்மால்' என்றார், அதாவது இரவுணவு. இன்று ஜேர்மனியர் வீட்டில் உண்பது 'ஆபென்டெசன்'. பழைய சொல் அடுக்களையை விட்டுப் பலிபீடத்துக்குப் போய்விட்டது. 'நாக்ட்மால்' மட்டும் வியன்னாவில் இன்னும் சாப்பாட்டு மேசையில்தான் இருக்கிறது!

1706 இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்குவும், பின்வந்த பப்ரிசியுசும் ஜேர்மன் லூதரன்மார். அவர்கள் தொடங்கிவைத்த தமிழ் வேதாகம மரபில் 'இராப்போசனம்' நிலைத்தது. கிரேக்க மூலச் சொல்லும் மாலை விருந்தையே குறிக்கும்; ஆனாலும் தாய்மொழிச் சொல்லின் சாயலும் அதிலே விழுந்திருக்கும் என்பது என் எண்ணம். 'இரா' நம்முடையது, 'போசனம்' வடமொழி. எங்கள் அடுக்களையில் ஒருவரும் அப்படிச் சொன்னதில்லை. ஆகவே எங்களுக்கு அது கோயிற்சொல்தான். கத்தோலிக்கரின் 'நற்கருணை'யில் இரவுமில்லை, உணவுமில்லை. அதனிடம் ஆச்சி கேள்வி கேட்டிருக்க முடியாது. 1816 இல் டானியல் பூவர் தெல்லிப்பழையில் மிஷனைத் தொடங்கினார். அதன் வழியே, ஆச்சியின் வேலிவரை இந்தச் சொல் வந்துவிட்டது.

1990 இல் ஊரோடு இடம்பெயர்ந்தோம். ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில், விளக்கில்லாத இரவில், அக்கா ஒரு றாத்தல் பாணை எங்கள் எல்லாருக்குமாகப் பிய்த்துத் தந்தா. கையிலே வாங்கிய ஆச்சி, "இதுதானே பிள்ளை, அண்டைக்கு நீ சொன்ன இராப்போசனம்?" என்றா. மச்சம் புழங்கின கையோ என்று அன்றைக்கு அவ கேட்கவில்லை.