கருவியை ஆளும் ஆசிரியர்

(ஆசிரியர் பயிற்சி மாணவர்களுக்கும் கல்வித்துறை அலுவலர்களுக்கும் ஆற்றப்பட்ட உரை)

வகுப்பறையில் புதிய கருவியைப் புகுத்தும் முயற்சி இந்நாட்டிற்குப் புதியதன்று. 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை நடைபெற்ற செயற்கைக்கோள் வழிக் கல்வித் தொலைக்காட்சிச் சோதனையின்போது, ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்கு நிகழ்ச்சிகள் ஒளிபரப்பப்பட்டன. 1984-85ஆம் ஆண்டில் பள்ளிகளுக்குக் கணினியை அறிமுகப்படுத்தும் ‘கிளாஸ்’ திட்டம் தொடங்கிற்று. 2004 செப்டம்பர் 20 அன்று கல்விக்கெனவே ‘எஜுசாட்’ செயற்கைக்கோள் ஏவப்பட்டது.

இம்முயற்சிகளுக்குப் பொதுவான இயல்பு ஒன்றுண்டு. பாடம் பெரும்பாலும் வேறோரிடத்தில், வேறொருவரால் உருவாக்கப்பட்டது. வகுப்பில் நின்ற ஆசிரியர் அதனைப் பெற்று மாணவருக்கு அளிப்பவராகவே இருந்தார். தம் மாணவருக்கு எது விளங்கவில்லை என்பதை நன்கறிந்தவர் அவரே. எனினும் பாடத்தை ஆக்கும் பணியில் அவருக்குப் பங்கு குறைவாகவே இருந்தது. இந்நிலையை ஓர் ஊராட்சித் தொடக்கப்பள்ளி ஆசிரியர் எவ்வாறு மாற்றினார் என்பது சிந்தித்தற்குரியது.

மகாராஷ்டிர மாநிலம் சோலாப்பூர் மாவட்டத்தில் பரிதேவாடி என்னும் சிற்றூர் உள்ளது. 2009ஆம் ஆண்டில் ரஞ்சித்சிங் திசாலே அவ்வூரின் மாவட்ட ஊராட்சித் தொடக்கப்பள்ளிக்கு ஆசிரியராக வந்து சேர்ந்தார். அப்போது பள்ளிக் கட்டடம் பாழடைந்து, மாட்டுத் தொழுவத்திற்கும் பண்டக அறைக்கும் இடையே நின்றது. பிள்ளைகளின், குறிப்பாகப் பெண் குழந்தைகளின் வருகை குறைவாக இருந்தது. சோலாப்பூர் கர்நாடக எல்லையை ஒட்டிய மாவட்டமாதலால், பிள்ளைகள் பலர்க்கு வீட்டுமொழி கன்னடம். பாடநூலோ அவர்களுக்கு விளங்காத மொழியில் இருந்தது.

இங்கே ஆசிரியர் முதலில் கற்றது கணினியையன்று, கன்னடத்தையே. பின்னர் ஒன்று முதல் நான்கு வகுப்புகளுக்கான பாடநூல்களைப் பிள்ளைகளின் மொழியில் மாற்றி அமைத்தார். பாட்டின் ஒலிப்பதிவு, கதை, விளக்கப் படக்காட்சி, பயிற்சி ஆகியவற்றை ஆயத்தம் செய்து, அவற்றிற்கு வழிகாட்டும் கியூ.ஆர். குறியீடுகளை நூலில் பதித்தார். கைப்பேசியை அச்சதுரத்தின்மீது காட்டினால் பாட்டு ஒலிக்கும், படம் ஓடும். ஜப்பானில் 1994ஆம் ஆண்டு மோட்டார் வாகன உதிரிப் பாகங்களை அடையாளம் காண உருவாக்கப்பட்ட குறியீடு, இவ்வாறு ஒரு கிராமத்துக் குழந்தையின் பாடநூலுக்கு வந்து சேர்ந்தது.

இப்பணி தொலைவிலிருந்து காண்பார்க்கு எளிதாகத் தோன்றும். ஆயினும் ஆசிரியர் கற்றுக்கொள்ள வேண்டிய நுட்பங்கள் அதில் பல உள. குறியீடு சுட்டும் இணைய முகவரி நீளமாயின் கட்டங்கள் மிகுந்து நெருங்கும். மலிவான தாளில் அச்சு பரவினால் கருவி அதனைப் படிக்க இயலாது. ஆகவே முகவரி குறுகியதாக இருத்தல் வேண்டும். சதுரத்தைச் சுற்றி நான்கு கட்ட அளவேனும் வெற்றிடம் விடப்படல் வேண்டும். குறியீட்டில் பிழை திருத்தும் திறன் நான்கு நிலைகளில் அமைந்துள்ளது. மிக உயர்ந்த நிலையைத் தேர்ந்தால், ஏறத்தாழ 30 விழுக்காடு சிதைந்தாலும் படிக்க முடியும். பிள்ளைகளின் கையில் கசங்கும் நூலுக்கு இது பெரிதும் உதவும்; ஆனால் அதற்கேற்பக் கட்டங்கள் மிகுமாதலால் சதுரத்தையும் பெரிதாக்குதல் வேண்டும்.

குறியீட்டிற்கு அப்பால் உள்ள பாடத்தை வடிவமைத்தலும் அத்தகையதே. ஒரு படத்தில் ஒரு கருத்தே இடம்பெறல் வேண்டும். எழுத்து, கடைசி வரிசைப் பிள்ளைக்கும் தெரியும் அளவினதாகவும், பின்புலத்தினின்று தெளிவாக வேறுபட்ட நிறத்தினதாகவும் இருத்தல் வேண்டும். இணைய வேகம் குறைந்த ஊரில் நீண்ட படக்காட்சியினும் சிறிய ஒலிப்பதிவே பயன் தரும். ஒலியைத் திருத்த ‘ஆடாசிட்டி’, படம் வரைய ‘இங்க்ஸ்கேப்’, கணித உருவங்களை அசைத்துக் காட்ட ‘ஜியோஜீப்ரா’ போன்ற மென்பொருள்கள் ஆசிரியர்க்குக் கட்டணமின்றியே கிடைக்கின்றன. ஆகவே பணத்தைக் காட்டிலும் ஆசிரியர்க்குத் தேவையாவது பழகுவதற்கான நேரமே.

பரிதேவாடியில் முளைத்த முயற்சி அங்கேயே நின்றுவிடவில்லை. மாநிலத்தின் எல்லா வகுப்புப் பாடநூல்களிலும் இக்குறியீடு இடம்பெறும் என மகாராஷ்டிர அரசு 2017ஆம் ஆண்டில் அறிவித்தது. அவ்வாண்டு செப்டம்பர் 5 அன்று ‘தீக்ஷா’ என்னும் தேசியத் தளம் தொடங்கப்பெற்றது. 2018ஆம் ஆண்டில் தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழுவின் நூல்களுக்கும் இம்முறை அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டே தமிழ்நாட்டின் புதிய பாடநூல்களிலும் இச்சதுரம் இடம்பெற்றது. 2020 டிசம்பரில் உலக ஆசிரியர் பரிசு திசாலேக்கு அளிக்கப்பட்டபோது, பத்து இலட்சம் டாலர் தொகையில் பாதியை இறுதிச் சுற்றுக்கு வந்த ஏனைய ஒன்பது ஆசிரியர்க்கும் அவர் பகிர்ந்தளித்தார்.

ஆயினும் இவ்விரிவில் ஓர் இடர் மறைந்துள்ளது. பரிதேவாடியில் குறியீட்டின் பின்னே இருந்தது, அவ்வூர்ப் பிள்ளைகளை அறிந்த ஓர் ஆசிரியரின் உழைப்பு. அதே குறியீடு இலட்சக்கணக்கான நூல்களில் அச்சாகும்போது, ஆசிரியர் மீண்டும் பிறர் ஆக்கியதைப் பெறுபவராகவே ஆகிவிடக்கூடும். வடிவம் பரவி, அதனைப் பிறப்பித்த கற்றல் பரவாது போயின் இழப்பு பெரிதாகும்.

வசதியின் நிலையும் கருதத்தக்கது. ஒன்றிய அரசின் பள்ளிக் கல்விப் புள்ளிவிவரத்தின்படி, 2023-24ஆம் ஆண்டில் 57.2 விழுக்காடு பள்ளிகளில் கணினியும் 53.9 விழுக்காடு பள்ளிகளில் இணைய வசதியும் இருந்தன. 2024-25ஆம் ஆண்டில் இவை முறையே 64.7, 63.5 விழுக்காடாக உயர்ந்தன. வளர்ச்சி மகிழ்ச்சிக்குரியதே, எனினும் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட பள்ளிகள் இன்னும் இணையத்திற்கு வெளியே நின்றன. வீட்டிலுள்ள ஒரே கைப்பேசி தந்தையுடன் வேலைக்குச் சென்றுவிட்டால், மாலையில் அப்பிள்ளைக்கு அச்சதுரம் வெறும் கறுப்புக் கட்டமே. ஆகவே பாடத்தை முன்னரே இறக்கிச் சேமித்து, வகுப்பில் ஒரே கருவியைக் கொண்டு எல்லாரும் காணச் செய்யும் முறையை ஆசிரியர் கற்றிருத்தல் இன்றியமையாதது.

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, ஆசிரியர் ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் 50 மணி நேரமேனும் தொழில்திறன் வளர்ச்சிப் பயிற்சியில் ஈடுபட எதிர்பார்க்கிறது. அந்நேரம் முழுவதும் திரையைப் பார்த்துச் சான்றிதழ் பெறுவதிலேயே கழியலாகாது. அதில் ஒரு பகுதியை, தம் வகுப்பிற்கென ஒரு பாடத்தைத் தாமே வடிவமைத்து, மாணவரிடம் சோதித்து, அவர்கள் தடுமாறிய இடத்தைத் திருத்தும் பணிக்கு ஒதுக்கலாம். சான்றிதழ்களின் எண்ணிக்கையை மட்டும் கேட்கும் அலுவலர், திருத்தப்பட்ட அப்பாடத்தையும் கேட்டு வாங்கிப் பார்ப்பாராயின், ஆசிரியரின் ஊக்கம் பெருகும்.

பயிற்சி பெறும் இளைய ஆசிரியர் மனத்திற் கொள்ளத்தக்கது ஒன்றே. பரிதேவாடி ஆசிரியர் கைக்கொண்ட கருவி நாளை பழையதாகிவிடலாம். வேறொன்று அதன் இடத்தைப் பிடிக்கலாம். ஆனால் எக்கருவியைத் தொடுமுன்னும் எதிரே அமர்ந்திருக்கும் குழந்தை எம்மொழியில் சிந்திக்கிறது என்று கேட்கும் வழக்கம் பழையதாவதில்லை. அவ்வினாவிலிருந்து தொடங்கும் ஆசிரியரே கருவியை ஆள்பவர் ஆவார்.