சூடேறியபின் நின்றுபோகும் எஞ்சின்

(கிராமக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கான பிரசங்கம்)



விருதுநகர் ஜில்லாவின் கரிசல் காட்டில் ஐப்பசி மழை பெய்து, பருத்தியும் மக்காச்சோளமும் முளைத்தெழும்போது, பயிரை முந்திக்கொண்டு களை எழுந்துவிடுகிறது. முற்காலத்தில் களைவெட்டுக்கு ஆள் கிடைத்தது. 1923-ஆம் வருஷத்தையொட்டி, அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவிலே கற்றுவந்த தீப்பெட்டித் தொழிலைச் சிவகாசியில் தொடங்கினார்கள். அதன் பின்னே பட்டாசும் அச்சுத் தொழிலும் பெருகின. மழையை நம்பிய காட்டுக்கு வந்த கைகள் நிச்சயமான கூலியை நாடிச் சென்றன. ஆகவே, களை எடுக்கும் பெட்ரோல் யந்திரம் இன்று அவசியமாயிற்று. தமிழ்நாட்டின் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் பல, விவசாய யந்திரங்களை அங்கத்தினர்களுக்கு வாடகைக்கு விட்டு வருகின்றன.

இவ்விதச் சிறு எஞ்சின்களுக்கு ஒரு பொல்லாத வியாதி உண்டு. காலையில் கயிற்றை இழுத்ததும் கிளம்பும். அரைமணி நேரம் நன்றாய் உழைக்கும். சூடேறியதும் நின்றுவிடும். எத்தனை இழுத்தாலும் அசையாது. மர நிழலில் ஆறவிட்டால், ஒன்றும் நடவாததுபோல் மறுபடியும் கிளம்பும். மேல்நாட்டில் ஏறி உட்கார்ந்து புல்வெட்டும் யந்திரத்துக்கும் இதே வியாதி வருவதுண்டு.

யந்திரத்தை வண்டியிலேற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோவதற்குள் அது ஆறிவிடுகிறது. மெக்கானிக் இழுத்துப் பார்த்து, "ஒரு பழுதும் இல்லையே" என்கிறார். அங்கத்தினர் பொய் சொன்னதாகக் காரியதரிசி நினைக்கிறார். பழுதான யந்திரத்தைத் தலையில் கட்டியதாக அங்கத்தினர் நினைக்கிறார். பிறகு ஊகத்தின்பேரில் கார்புரேட்டர் மாற்றப்படுகிறது. அதற்கடுத்துக் காயில் மாற்றப்படுகிறது. சங்கத்தின் பணம் கரைகிறது, களையோ வளர்கிறது. குற்றம் எவர்மேலும் இல்லை. பழுதின் சாட்சி காட்டிலே சில நிமிஷங்களே நிற்கிறது. அப்போது அருகிலிருப்பவர் மெக்கானிக் அல்லர், அங்கத்தினரே. ஆகையால் சூட்டோடு சூடாகப் பரிசோதிக்க அவரே அறிந்திருத்தல் வேண்டும்.

பெட்ரோல் எஞ்சின் ஓடுவதற்கு மூன்று வேண்டும்: காற்றோடு சரியாய்க் கலந்த பெட்ரோல், தக்க நேரத்தில் பொறி, சிலிண்டருக்குள் காற்று கசியாத அழுத்தம். சூடேறியபின் இம்மூன்றில் ஒன்று தவறுகிறது. இருமி இருமி, வேகம் குன்றி நின்றால் பெரும்பாலும் பெட்ரோலைச் சேர்ந்த குறை. விளக்கை அணைத்தாற்போல் சட்டென்று நின்றால் பெரும்பாலும் பொறியைச் சேர்ந்த குறை.

முதலாவது பெட்ரோல். டாங்க் மூடியில் காற்றுப் புக ஒரு நுண்ணிய துவாரம் உண்டு. கரிசல் புழுதி அதை அடைத்துவிட்டால், பெட்ரோல் இறங்க இறங்க டாங்கினுள் வெற்றிடம் உண்டாகிறது; பிறகு பெட்ரோல் இறங்குவதில்லை. எஞ்சின் நின்றவுடன் மூடியை மெதுவாய்த் தளர்த்துக. உஸ்ஸென்று காற்று உள்ளே இழுக்கப்பட்டு, எஞ்சினும் உடனே கிளம்பினால், வியாதி தெரிந்துவிட்டது. மூடியைச் சுத்தம் செய்தாலே போதும், செலவில்லை. சோக் மூடியபடியே இருக்கிறதா, ஏர் பில்டர் புழுதியால் அடைந்திருக்கிறதா என்பதையும் பார்க்கவேண்டும். இவ்விரண்டிலும் கரும்புகை வரும். மேலும், இந்தியாவில் விற்கும் பெட்ரோலில் 2025-ஆம் வருஷத்துக்குள் 20 சதவீத அளவுக்கு எத்தனால் கலக்கும் முறை ஏற்பட்டுவிட்டது. எத்தனால் ஈரத்தை இழுக்கும் குணமுள்ளது. ஆகவே சென்ற பருவத்தில் மிஞ்சிய பெட்ரோலை டாங்கில் விட்டுவைத்தல் கூடாது.

இரண்டாவது பொறி. காயிலுக்குள் மெல்லிய கம்பிச் சுற்று இருக்கிறது. அதில் முறிவு இருந்தால், உஷ்ணத்தில் விரிந்து தொடர்பு அறும். ஆறினால் மீண்டும் சேரும். ஸ்பார்க் டெஸ்டர் என்னும் சிறு கருவியைப் பிளக்குக்கும் அதன் ஒயருக்கும் நடுவில் பொருத்திக் கயிற்றை இழுத்தால் பொறி தெரியும். ஆறியிருக்கையில் பொறி வந்து, சூட்டில் வராவிட்டால், காயிலைச் சந்தேகிக்கலாம். சில எஞ்சின்களில் எண்ணெய் குறைந்தால் பொறியை நிறுத்தும் அமைப்பும் உண்டு. ஆதலால் காயில் வாங்குமுன் சமதரையில் நிறுத்தி எண்ணெய் அளவைப் பார்த்தல் நன்று.

மூன்றாவது அழுத்தம். வால்வின் இடைவெளி மிகக் குறைந்திருந்தால், சூட்டில் வால்வுத் தண்டு நீண்டு, வால்வு முழுதும் மூடாது. அப்போது கயிறு வழக்கத்தைவிட இலேசாய் இழுபடும். ஆறிய எஞ்சினில் கைப்புத்தகத்தில் கண்ட அளவுக்கு இடைவெளியைத் திருத்துவது மெக்கானிக்கின் வேலை. சிலிண்டரைச் சுற்றியுள்ள தகடுகளில் சருகும் புழுதியும் அடைந்திருந்தாலும் எஞ்சின் மிதமிஞ்சிக் கொதிக்கும். அவற்றை எஞ்சின் ஆறியபின் நாள்தோறும் தூரிகையால் துடைக்கவேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பிளக்கைக் கழற்றி எஞ்சின் உடம்பில் வைத்துப் பொறி பார்க்கும் வழக்கத்தை விட்டுவிடுக. பிளக் துவாரத்திலிருந்து வரும் பெட்ரோல் ஆவி தீப்பற்றும். கொதிக்கும் எஞ்சினுக்குப் பெட்ரோல் ஊற்றுவதும் ஆகாது. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கங்களில் பட்டாசுக் கொட்டகைக்கு அருகே காடு வைத்திருப்போர், யந்திரத்தை அங்கே ஓட்டவும், பழுதுபார்க்கவும் வேண்டாம். அவ்விடத்துக் களையைக் கையாலேயே எடுக்கலாம். வெடிமருந்துக்கு ஒரு பொறி போதும். 2012-ஆம் வருஷம் செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை விபத்தில் 35-க்கும் மேற்பட்டோர் மாண்டதை இப்பகுதியார் மறக்கவில்லை.

ஒவ்வொரு யந்திரத்தோடும் ஒரு நோட்டுப் புத்தகம் போகட்டும். எத்தனை நிமிஷம் ஓடியபின் நின்றது, இருமி நின்றதா, சட்டென்று நின்றதா, மூடியைத் தளர்த்தியதும் கிளம்பிற்றா, பொறி இருந்ததா, கயிறு இலேசாய் இருந்ததா, எவ்வளவு நேரம் ஆறியபின் ஓடிற்று என்று அங்கத்தினர் எழுதிவைத்தால், மெக்கானிக்குக் காட்டில் நடந்ததெல்லாம் கண்ணால் கண்டதுபோலாகும். காரியதரிசிக்கும் அங்கத்தினருக்கும் மனஸ்தாபம் நேராது.

1904-ஆம் வருஷத்துச் சட்டத்தின்கீழ் முதன்முதலாக ஏற்பட்ட கிராமச் சங்கங்களில், ஒருவர் பட்ட கடனுக்கு மற்றவர்களும் பொறுப்பாளிகளாய் நின்றார்கள். அந்த உணர்ச்சியே சங்கத்தின் முதல் மூலதனம். இன்று ஒருவர் காட்டில் நின்றுபோன யந்திரத்தின் உண்மையை அவர் எழுதித் தந்தால், நாளை அதை வாங்கிப்போகிறவருடைய பயிர் பிழைக்கும்.