சின்ன வளையம், ஊருக்கே தண்ணீர்

(கைப்பம்பு பராமரிப்புப் பயிற்சியில் பேசிய பேச்சு)



மேசைமேல் ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. எல்லோரும் பாருங்கள். குழந்தையின் கை வளையல் போல இருக்கிறது. எடை இல்லை. விலையும் அதிகம் இல்லை.

இந்த வளையம் கெட்டுப்போனால் என்ன ஆகும்? கைப்பம்பில் தண்ணீர் ஏறாது. பம்பு நின்றால் பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு அடுத்த ஊருக்கு நடப்பார்கள். நடக்க முடியாதவர்கள் குட்டைத் தண்ணீரை மொண்டு வருவார்கள். அதைக் குடித்த குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வரும். ஒரு சின்ன வளையம் இல்லாததால் ஒரு குழந்தையின் உயிருக்கே ஆபத்து வரலாம்.

ஆகவே பம்பைக் கவனிக்கும் ஒவ்வொரு குழுவும் ஒரு வளையப் பெட்டி வைத்திருக்க வேண்டும். அந்தப் பெட்டியில் எதை வைப்பது? எத்தனை வைப்பது? இன்றைய பேச்சு அதைப் பற்றித்தான்.

முதலில், வளையம் என்ன வேலை செய்கிறது?

இரண்டு இரும்புப் பாகங்களை எவ்வளவு இறுக்கினாலும் நடுவில் இடுக்கு இருக்கும். அது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் தண்ணீருக்குத் தெரியும். அந்த இடுக்கில் ரப்பரை வைத்து இறுக்கினால் ரப்பர் நசுங்கும். நசுங்கி இடுக்கை அடைக்கும். நசுங்க வேண்டும், விட்டால் மீண்டும் எழ வேண்டும். இதுதான் நல்ல வளையத்தின் குணம். நசுங்கியபடியே தட்டையாகிவிட்ட வளையம் வேலைக்கு ஆகாது.

நம் நாட்டுக் கைப்பம்பின் கதையிலும் இந்த வளையங்களுக்கு இடம் உண்டு.

1966-67இல் பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் கடும் வறட்சி வந்தது. அதன்பின் பல மாநிலங்களில் பாறை நிலத்தில் ஆழ்துளைக் கிணறுகள் போட்டார்கள். அவற்றின் மேல் வார்ப்பிரும்புப் பம்புகளை வைத்தார்கள். அவை ஒரு வீட்டின் தேவைக்காகச் செய்த பம்புகள். ஊரே வந்து அடித்தது. பம்புகள் உடைந்தன.

1970களில் புதிய பம்பு ஒன்று உருவானது. மகாராஷ்டிரத்தின் சோலாப்பூரில் செய்த பம்பை முன்மாதிரியாக வைத்தார்கள். அரசும் யுனிசெஃப் நிறுவனமும் பொறியாளர்களும் சேர்ந்து அதைத் திருத்தினார்கள். கோயம்புத்தூர் அருகே ஆழமான கிணறுகளில் வைத்துச் சோதித்தார்கள். அதுதான் இந்தியா மார்க் 2.

அந்தப் பம்பின் சிலிண்டரில் முதலில் தோல் வாஷர்தான் இருந்தது. தோல் சீக்கிரம் தேய்ந்தது. அதை மாற்ற எல்லாக் குழாய்களையும் வெளியே எடுக்க வேண்டும். 1980களில் கோவை வட்டாரத்தில் மீண்டும் சோதனை நடந்தது. தோலுக்குப் பதில் நைட்ரைல் ரப்பர் வாஷரைப் போட்டுப் பார்த்தார்கள். அது அதிக நாள் உழைத்தது. பம்பு பழுதாவது குறைந்தது. பம்பின் உருவம் மாறவில்லை. உள்ளே இருந்த சின்னப் பொருள்தான் மாறியது.

பிறகு இந்தியா மார்க் 3 வந்தது. இதில் குழாய் அகலமானது. குழாயைக் கழற்றாமலே உள்ளே இருக்கும் வால்வுகளை மேலே எடுக்கலாம். அடி வால்வு உட்காரும் இடத்தில் ஓர் ஓ-ரிங் இருக்கிறது. அந்த வளையம் சரியாக இருந்தால்தான் குழாயில் ஏறிய தண்ணீர் அங்கேயே நிற்கும்.

இப்போது கடைக்குப் போவோம். கடைக்காரர் ஒரு பெட்டியைத் திறந்து காட்டுகிறார். உள்ளே வரிசை வரிசையாக வளையங்கள். பார்க்க அழகாக இருக்கிறது.

"எல்லா அளவும் இதில் இருக்கிறதம்மா. இதையே வாங்கிக்கொள்ளுங்கள்" என்கிறார்.

வாங்கலாமா? அவசரப்பட வேண்டாம். அந்தப் பெட்டியில் பல அளவுகள் உங்கள் பம்புக்கு ஒருநாளும் தேவைப்படாது. தேவைப்படும் அளவில் இரண்டோ மூன்றோதான் இருக்கும். அவை முதல் மாதமே தீர்ந்துபோகும். மற்றவை பெட்டியிலேயே கிடந்து கெட்டுப்போகும். பணம் போகும், பம்பும் நிற்கும். பலவகை இயந்திரங்கள் வரும் பட்டறைக்கு அந்தப் பெட்டி உதவும். ஒரே வகைப் பம்பைக் கவனிக்கும் குழுவுக்கு அது உதவாது.

வாங்கும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். என்ன அளவு? என்ன ரப்பர்? எத்தனை?

முதல் கேள்வி, அளவு.

வளையத்துக்கு இரண்டு அளவுகள் உண்டு. ஒன்று, உள் வட்டத்தின் அகலம். மற்றொன்று, வளையத்தின் பருமன். பலர் வட்டத்தை மட்டும் பார்த்து வாங்குகிறார்கள். பருமனை மறந்துவிடுகிறார்கள். வளையம் உட்காரும் பள்ளம் 4 மில்லிமீட்டர் ஆழம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 மில்லிமீட்டர் பருமன் உள்ள வளையம் அதில் நசுங்கி உட்காரும். மூன்றரை மில்லிமீட்டர் வளையம் நசுங்கவே நசுங்காது. தண்ணீர் கசியும்.

பழைய வளையத்தை மட்டும் அளந்து புதியதை வாங்கக் கூடாது. பழையது இழுபட்டிருக்கும், தேய்ந்திருக்கும். பம்பின் பெயரையும் பாகத்தின் பெயரையும் சொல்லிக் கேளுங்கள். மார்க் 2 பம்பில் மேல் வால்வு ரப்பர் வேறு, கீழ் வால்வு ரப்பர் வேறு. கப் வாஷர் வேறு, சீலிங் ரிங் வேறு. ஒன்றின் இடத்தில் இன்னொன்று பொருந்தாது.

இரண்டாவது கேள்வி, ரப்பர்.

எல்லா வளையமும் பெரும்பாலும் கறுப்பாகத்தான் இருக்கும். ஆனால் எல்லாம் ஒரே ரப்பர் அல்ல. நைட்ரைல் ரப்பர் எண்ணெயையும் டீசலையும் தாங்கும். கைப்பம்புக்கும் அதுவே ஏற்றது. ஈ.பி.டி.எம். என்று ஒரு ரப்பர் உண்டு. அது வெந்நீரையும் வெயிலையும் தாங்கும். ஆனால் எண்ணெய் பட்டால் ஊதிப்போகும். சாதாரண இயற்கை ரப்பரும் டீசலில் ஊதிவிடும். பழைய டயர் டியூபை வெட்டிப் போடும் வாஷரை நம்ப முடியாது.

கண்ணால் பார்த்து இவற்றைப் பிரிக்க முடியாது. தடவிப் பார்த்தும் சொல்ல முடியாது. பொட்டலத்தில் உள்ள எழுத்துதான் சொல்லும். நைட்ரைல் என்பதை என்.பி.ஆர். என்று மூன்று ஆங்கில எழுத்துகளில் போட்டிருப்பார்கள். அந்த எழுத்துகளின் வடிவத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். மார்க் 2 பம்புக்கு இந்தியத் தரம் ஒன்று இருக்கிறது. அந்தத் தரத்துக்குச் செய்த பாகமா என்று கேளுங்கள். பொட்டலம் இல்லாமல் உதிரியாகக் கொட்டிக் கிடப்பதை வாங்காதீர்கள்.

மூன்றாவது கேள்வி, எத்தனை?

இதற்குக் கடைக்காரர் பதில் சொல்ல முடியாது. உங்கள் நோட்டுப் புத்தகம்தான் சொல்லும். ஒரு கணக்குப் பார்ப்போம். குழுவிடம் 10 பம்புகள் இருக்கின்றன. ஒரு பம்புக்கு 2 கப் வாஷர். ஆண்டுக்கு ஒரு முறை மாற்றியதாக நோட்டில் இருக்கிறது. அப்படியானால் ஆண்டுக்கு 20 வேண்டும். கையிருப்புக்கு 4 சேர்த்தால் 24. இப்படியே ஒவ்வொரு பாகத்துக்கும் கணக்குப் போடுங்கள். அடிக்கடி தேய்வதை அதிகம் வாங்குங்கள். எப்போதாவது போவதில் ஒன்றிரண்டு போதும். வளையத்தைத் தொட்டுப் பிரித்த இடத்தில் பழையதையே திரும்பப் போடாமல் புதியது போடுவது நல்லது. அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எது கெட்டது என்று எப்படித் தெரியும்? இரண்டு சோதனைகள் இருக்கின்றன.

பம்பை அரை மணி நேரம் சும்மா விடுங்கள். பிறகு அடியுங்கள். ஐந்து முறைக்குள் தண்ணீர் வர வேண்டும். அதற்கு மேல் அடிக்க வேண்டியிருந்தால், ஏறிய தண்ணீர் கீழே இறங்குகிறது என்று பொருள். கீழ் வால்வு ரப்பரையும் வளையத்தையும் குழாய் இணைப்பையும் பாருங்கள்.

அடுத்து, ஒரு நிமிடத்தில் 40 முறை அடித்து வாளியில் பிடியுங்கள். நல்ல பம்பு சுமார் 15 லிட்டர் தரும். 10 லிட்டருக்குக் கீழே போனால் பழுது பார்க்க வேண்டும். கப் வாஷர் தேய்ந்திருக்கலாம்.

வாங்கிய வளையத்தைக் காப்பதும் முக்கியம். வெயிலில் வைக்கக் கூடாது. அடுப்புப் பக்கம் வைக்கக் கூடாது. ஓடும் மின்மோட்டார் பக்கமும் வைக்கக் கூடாது. ஆணியில் மாட்டினால் வளையம் இழுபட்டுப்போகும். மூடியுள்ள டப்பாவில் தளர்வாகப் போடுங்கள். டப்பாமேல் பாகத்தின் பெயரையும் வாங்கிய மாதத்தையும் எழுதுங்கள். முதலில் வாங்கியதை முதலில் எடுங்கள். போடும் முன் வளையத்தை லேசாக வளைத்துப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தால் தூக்கிப் போடுங்கள். நகத்தால் அழுத்திப் பாருங்கள். தடம் மறையாமல் நின்றால் அதுவும் வேண்டாம். மாட்டும்போது சுத்தமான தண்ணீரில் நனைத்து மாட்டுங்கள். இது குடிக்கும் தண்ணீர் வரும் பம்பு. இயந்திர எண்ணெய் தடவக் கூடாது.

"இதெல்லாம் எங்களால் ஆகுமா?" என்று சிலர் நினைக்கலாம். உத்தரப் பிரதேசத்தின் பாந்தா மாவட்டப் பெண்களைப் பற்றிக் கேளுங்கள். 1990களின் தொடக்கத்தில் மகிளா சமாக்கியா திட்டத்தில் அங்கே பெண்களுக்குக் கைப்பம்பு பழுது பார்க்கப் பயிற்சி கொடுத்தார்கள். பலர் தலித் பெண்கள். கோல் பழங்குடிப் பெண்களும் இருந்தார்கள். பலருக்கு எழுத்துத் தெரியாது. கனமான குழாய்களைத் தூக்கினார்கள். ஸ்பானர் பிடித்தார்கள். ஊருக்குத் தண்ணீர் கொடுத்தார்கள்.

பிறகு அவர்களே எழுத்தும் வேண்டும் என்றார்கள். எழுத்தறிவு முகாம்கள் நடந்தன. அந்தப் பகுதிப் பெண்கள் 'மகிளா டாக்கியா' என்ற செய்தித்தாளையே நடத்தினார்கள். பெண் தபால்காரர் என்பது அதன் பொருள். கையில் ஸ்பானர் வந்தபின் பேனாவும் வந்தது.

2019இல் ஜல் ஜீவன் மிஷன் தொடங்கியது. பல ஊர்களில் வீட்டுக்கே குழாய் வந்திருக்கிறது. அதனால் வளையத்தின் வேலை முடிந்துவிடவில்லை. மோட்டார் பம்பிலும் வால்விலும் குழாய் இணைப்பிலும் ரப்பர் வளையம் இருக்கிறது. அங்கேயும் அதே மூன்று கேள்விகள்தான்.

சகோதரிகளே, சகோதரர்களே! இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு நோட்டை எடுங்கள். முதல் பக்கத்தில் உங்கள் பம்பின் பெயரை எழுதுங்கள். அதன் கீழே எந்த நாளில் எந்த வளையம் மாற்றினீர்கள் என்று எழுதுங்கள். பம்பு நின்ற நாள் எத்தனை என்றும் எழுதுங்கள். அடுத்த ஆண்டு அந்த நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். என்ன வேண்டும் என்று கடைக்காரரிடம் நீங்களே சொல்லுங்கள்.