சுதேசிப் பூட்டும் பூட்டே

(புனே விஷ்ராந்த்வாடியில் தமிழ் பேசும் தொழிலாளர்களும் மென்பொருள் ஊழியர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



2025 ஜூலை மாதத்தில் நயாரா எனர்ஜி நிறுவனத்தின் ஊழியர்கள் தங்கள் அலுவலக மின்னஞ்சலைத் திறக்க முயன்றபோது அது திறக்கவில்லை. குஜராத்தின் வாடினாரில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நிறுவனம் அது. நாட்டின் எண்ணெய் சுத்திகரிப்புத் திறனில் ஏறத்தாழ 8 விழுக்காடு அந்த ஓர் ஆலையில் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்துக்கு அது செலுத்த வேண்டிய கட்டணத்தைச் செலுத்தியிருந்தது. இந்தியச் சட்டம் எதையும் மீறியதாகவும் குற்றச்சாட்டு இல்லை. ரஷ்யாவின் ரோஸ்நெஃப்ட் நிறுவனம் நயாராவில் 49 விழுக்காடு பங்கு வைத்திருக்கிறது என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் அதன்மீது தடை விதித்தது. சில நாட்களிலேயே மைக்ரோசாஃப்ட் தன் சேவையை நிறுத்திவிட்டது. நிறுவனம் டில்லி உயர்நீதிமன்றத்தின் கதவைத் தட்டிய பிறகே, அம்மாத இறுதியில் சேவை திரும்பக் கிடைத்தது.

ஐரோப்பாவில் முடிவு எடுக்கப்படுகிறது. அமெரிக்க நிறுவனம் ஒன்று அதனை நிறைவேற்றுகிறது. இந்திய மண்ணில் இந்தியத் தொழிலாளர்கள் உழைக்கும் ஆலை தன் சொந்தக் கடிதங்களையே படிக்க முடியாமல் நிற்கிறது. நயாரா ஒரு தனியார் முதலாளித்துவ நிறுவனம். அதன் இலாபத்துக்காக இங்கு எவரும் கண்ணீர் வடிக்க வேண்டியதில்லை. ஆயினும் அதே மென்பொருள்களில்தான் நாட்டின் வங்கிகளும் மருத்துவமனைகளும் அரசு அலுவலகங்களும் இயங்கிக்கொண்டிருக்கின்றன என்பதை மறக்க இயலாது.

அதற்குச் சரியாக ஓராண்டுக்கு முன்பு, 2024 ஜூலை 19 அன்று, கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் நிறுவனம் அனுப்பிய பழுதான ஒரு புதுப்பிப்பு உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. விமானப் பயணிகளுக்கான நுழைவுச் சீட்டை ஊழியர்கள் கையால் எழுதிக் கொடுத்த காட்சியை அன்று நாடு கண்டது. விஷ்ராந்த்வாடிக்கு அருகிலுள்ள லோஹேகாவ் விமான நிலையத்தில் பணிபுரியும் தோழர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பழுது எங்கே என்று திறந்து பார்க்கும் உரிமை கணினியின் உரிமையாளருக்கு இல்லை. விற்றவர் சரிசெய்து தரும்வரை காத்திருப்பதே அவருக்கு விதிக்கப்பட்டிருக்கிறது.

ஒரு பூட்டுக்குப் பதில் இன்னொரு பூட்டு

நயாரா நிகழ்வுக்குப் பிறகு ஒன்றிய அரசு சுதேசி முழக்கத்தைக் கையிலெடுத்தது. 2025 அக்டோபரில் ஒன்றியக் கல்வி அமைச்சகம், அதிகாரிகள் சோஹோ நிறுவனத்தின் அலுவலக மென்பொருள்களையே பயன்படுத்த வேண்டும் என்று சுற்றறிக்கை விடுத்தது. உள்துறை அமைச்சர் தாமும் சோஹோ மின்னஞ்சலுக்கு மாறிவிட்டதாக அறிவித்தார். தமிழ்நாட்டில் வேர்விட்டு வளர்ந்த நிறுவனம் அது. அங்கே உழைக்கும் பொறியாளர்களின் திறமையில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால் அந்த மென்பொருளின் மூலநிரலை நாட்டு மக்களோ, பல்கலைக்கழகங்களோ, அரசின் பொறியாளர்களோ பார்க்கவும் திருத்தவும் பகிரவும் உரிமை பெற்றிருக்கிறார்களா என்பதே கேள்வி. சாவி அமெரிக்க முதலாளியிடமிருந்து இந்திய முதலாளியின் கைக்கு மாறினால் மக்களின் நிலை எந்த அளவுக்கு மாறும்? நாளை அந்த நிறுவனம் விலையை உயர்த்தலாம், விற்கப்படலாம், ஆட்சியாளர்களின் விருப்பத்துக்கு வளைந்தும் கொடுக்கலாம்.

இதில் ஒரு முரண்பாடும் உள்ளது. இதே ஆட்சி 2015 மார்ச்சில் திறமூல மென்பொருள் ஏற்புக் கொள்கையை வெளியிட்டது. அரசுத் துறைகள் ஒப்பந்தப்புள்ளி கோரும்போதே திறமூல மென்பொருளைப் பரிசீலிக்க வேண்டும், அதனை விலக்கினால் காரணம் காட்ட வேண்டும் என்று அக்கொள்கை சொல்கிறது. பத்தாண்டுகளில் அது ஏட்டுச் சுரைக்காயாகிவிட்டது. ஆனால் பாதுகாப்பு அமைச்சகம் 2023இல் தன் கணினிகளுக்கு விண்டோஸை விடுத்து உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட மாயா இயங்குதளத்தைத் தேர்ந்தெடுத்தது. இராணுவத்துக்குத் தேவைப்படும் தற்சார்பு அரசுப் பள்ளிக்கும் அரசு மருத்துவமனைக்கும் தேவைப்படாதா?

இலவசமும் விடுதலையும்

1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனூ திட்டத்தை அறிவித்தபோது முன்வைத்த சொல்லுக்கு ஆங்கிலத்தில் இரண்டு பொருள்கள்: ஒன்று இலவசம், மற்றொன்று விடுதலை. அந்த மயக்கத்தை விளக்கியே அவ்வியக்கத்தார் பல ஆண்டுகளைச் செலவிட நேர்ந்தது. தமிழில் அந்த இடர்ப்பாடு இல்லை. ‘கட்டற்ற மென்பொருள்’ என்ற சொல்லே பொருளைச் சொல்லிவிடுகிறது. எந்தப் பணிக்கும் இயக்கலாம், எவ்வாறு இயங்குகிறது என்று படித்தறியலாம், தேவைக்கேற்ப மாற்றலாம், மூலத்தையும் மாற்றியதையும் பிறருக்கு வழங்கலாம். இந்த உரிமைகள் இருந்தால் மட்டுமே அது கட்டற்ற மென்பொருள்.

இந்த வேறுபாட்டைப் புனே நகரின் வரலாறே விளக்கும். க்ரே அதிதிறன் கணினியைத் தர அமெரிக்கா மறுத்த சூழலில், 1988இல் இந்நகரில் சி-டாக் என்னும் பொதுத்துறை ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டது. மூன்றாண்டுகளில், 1991இல், பரம் 8000 கணினி உருவாயிற்று. இந்திய மொழிகளைக் கணினியில் ஏற்றும் ஜிஸ்ட் தொழில்நுட்பமும் இங்கேதான் வளர்ந்தது. மக்களின் வரிப்பணம், பொதுத்துறை அறிவியலாளர்களின் உழைப்பு. ஆயினும் அதன் விளைவான எழுத்துருக்களும் சொற்செயலிகளும் நெடுங்காலம் உரிமம் பெற்று விலைக்கு வாங்க வேண்டிய சரக்குகளாகவே இருந்தன. தமிழ் அச்சகங்களும் பத்திரிகைகளும் ஆளுக்கொரு குறியாக்கத்தில் எழுதின. ஒருவர் தட்டச்சு செய்த தமிழை மற்றவர் கணினியில் திறந்தால் குப்பையாகத் தெரிந்த காலத்தை மூத்த தோழர்கள் அறிவார்கள். 2005 ஏப்ரலில் தமிழ் எழுத்துருக்களும் கருவிகளும் அடங்கிய குறுவட்டு சென்னையில் இலவசமாக வெளியிடப்பட்டது. வரவேற்கத்தக்க செயல்தான். எனினும் விலை நீங்கினால் மட்டும் போதாது. திருத்தவும் வளர்க்கவும் உரிமை வேண்டும். தமிழ்க் கணிமையை அத்தகைய உரிமையோடு வளர்த்தவர்கள், ஊதியம் எதிர்பாராமல் லினக்ஸையும் பிற மென்பொருள்களையும் தமிழாக்கிய தன்னார்வலர்களே.

2005: நாடாளுமன்றத்தில் ஒரு போராட்டம்

இடதுசாரிகளுக்கும் மென்பொருளுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்பதுண்டு. 2004 டிசம்பர் 26 அன்று ஐக்கிய முற்போக்குக் கூட்டணி அரசு காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி அவசரச் சட்டம் பிறப்பித்தது. ஆழிப்பேரலையில் தமிழகக் கடற்கரை பிணக்காடாகிய அதே நாள் அது. உலக வர்த்தக அமைப்பின் கெடு நெருங்குகிறது என்பதே அரசு கூறிய காரணம்.

கணினி நிரலுக்கும் கணித முறைக்கும் காப்புரிமை இல்லை என்பது சட்டத்தின் 3(கே) பிரிவு. அவசரச் சட்டம் அப்பிரிவில் ஓட்டை போட்டது. தொழில்துறையில் தொழில்நுட்பப் பயன்பாடு கொண்ட நிரலுக்கும், வன்பொருளோடு இணைந்த நிரலுக்கும் காப்புரிமை தரலாம் என்றது. வன்பொருளோடு இணையாத மென்பொருள் உலகில் ஏது? காப்புரிமை வந்திருந்தால், ஓர் இளைஞர் சொந்தமாக எழுதிய நிரலுக்குக்கூட, அதே வழிமுறையை முன்பே பதிவுசெய்துகொண்ட நிறுவனத்துக்குக் கப்பம் கட்ட நேர்ந்திருக்கும். பதிப்புரிமை, எழுதப்பட்ட வடிவத்தைத்தான் காக்கிறது. காப்புரிமையோ எண்ணத்தையே சிறைபிடிக்கிறது.

அன்று அந்த அரசு இடதுசாரிகளின் வெளி ஆதரவில் நின்றது. கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களும் அறிவியலாளர்களும் எழுப்பிய எதிர்ப்பை இடதுசாரிக் கட்சிகள் நாடாளுமன்றத்துக்குக் கொண்டு சென்றன. 2005 மார்ச்சில் சட்டம் நிறைவேறியபோது அந்த ஓட்டை அடைக்கப்பட்டிருந்தது. 3(கே) பழைய வடிவத்துக்கே திரும்பியது. மருந்துக் காப்புரிமையைக் கட்டுப்படுத்தும் 3(டி) பிரிவும் அதே போராட்டத்தில் வலுப்பெற்றது. 2013இல் உச்சநீதிமன்றம் கிளிவெக் புற்றுநோய் மருந்து வழக்கில் நோவார்ட்டிஸின் கோரிக்கையை நிராகரித்தது அந்தப் பிரிவைக் கொண்டுதான். 2005 ஜூலையில் ஐரோப்பிய நாடாளுமன்றமும் மென்பொருள் காப்புரிமை முன்மொழிவைப் பெரும்பான்மை வாக்குகளால் தோற்கடித்தது.

வாசல் வழியாக வர முடியாதது சன்னல் வழியாக வர முயன்றது. 2015 ஆகஸ்டில் காப்புரிமை அலுவலகம் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் அதே சலுகையை நிர்வாக ஆணையாகக் கொண்டுவந்தன. எதிர்ப்பு எழுந்ததால் அவ்வாண்டு டிசம்பரில் நிறுத்திவைக்கப்பட்டன. 2016 பிப்ரவரியில் வந்த வழிகாட்டுதல்கள் கடுமையாக இருந்தன. 2017இல் அவை மீண்டும் தளர்த்தப்பட்டன. நாடாளுமன்றம் மூடிய கதவை அதிகாரிகள் சுற்றறிக்கையால் திறப்பது ஜனநாயகமாகாது.

மாணவரின் நகலும் முதலாளியின் நகலும்

2012இல் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் உள்ளிட்ட பதிப்பகங்கள், டில்லி பல்கலைக்கழகத்தின் ஒரு சிறிய நகலகத்தின்மீது வழக்குத் தொடர்ந்தன. பாடத்திட்டத்துக்குரிய பக்கங்களை மாணவர்களுக்கு நகலெடுத்துக் கொடுத்ததே அதன் குற்றம். 2016 செப்டம்பரில் டில்லி உயர்நீதிமன்றம், கற்பித்தலுக்கான நகலெடுப்பைப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு அனுமதிக்கிறது என்று தீர்ப்பளித்தது. பதிப்புரிமை தெய்வீக உரிமையன்று என்று இந்திய நீதிமன்றம் உரைத்த அத்தீர்ப்பு உலகெங்கும் கவனிக்கப்பட்டது.

ஆனால் ஆய்விதழ்களின் நிலை வேறு. அரசின் ஊதியத்தில் ஆய்வாளர் எழுதுகிறார். வேறோர் ஆய்வாளர் ஊதியமின்றி மதிப்பிடுகிறார். பிறகு பன்னாட்டுப் பதிப்பகம் அதனைப் பூட்டி, அதே அரசுக்கு விற்கிறது. 2024 நவம்பரில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்த ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில் மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் சுமார் 30 பதிப்பகங்களுக்குச் செல்கிறது. கல்லூரிக்கு வெளியே உள்ள மருத்துவருக்கும் ஆசிரியருக்கும் தொழிற்சங்க ஊழியருக்கும் கதவு மூடியே இருக்கிறது. கட்டுரைகளை எவருக்கும் திறந்துவைத்த சை-ஹப் தளமோ, 2025 ஆகஸ்டில் நீதிமன்ற ஆணையால் இந்தியாவில் முடக்கப்பட்டது.

இன்னொரு பக்கம், செயற்கை நுண்ணறிவு நிறுவனங்கள் உலகின் நூல்களையும் செய்திகளையும் வாரி விழுங்கித் தம் சரக்கை உருவாக்கியுள்ளன. இந்தியாவில் ஏஎன்ஐ செய்தி நிறுவனம் ஓப்பன்ஏஐ மீது 2024 நவம்பரில் வழக்குத் தொடுத்தது. அமெரிக்காவில் ஆந்த்ரோபிக் நிறுவனம், திருட்டுப் பதிப்பு நூல்களைத் தரவிறக்கிய வழக்கில் எழுத்தாளர்களுக்கு 150 கோடி டாலர் தர 2025இல் உடன்பட்டது. மாணவர் பத்துப் பக்கம் நகலெடுத்தால் திருட்டு. பெருமூலதனம் நூலகத்தையே நகலெடுத்தால் புத்தாக்கம். சட்டத்தின் வர்க்கச் சார்பு இங்கே தெளிவாகத் தெரிகிறது.

படைப்பாளிக்கு வாழ்வு, படைப்பு பொதுவுக்கு

அப்படியானால் எழுதுபவரும் நிரல் அமைப்பவரும் எவ்வாறு வாழ்வது? நியாயமான இக்கேள்விக்குத் தமிழகம் முன்பே ஒரு விடை கண்டிருக்கிறது. பாரதியின் பாடல்களுக்குரிய உரிமை திரைப்பட முதலாளியிடம் சிக்கியிருந்தபோது எழுத்தாளர்களும் கலைஞர்களும் கிளர்ந்தெழுந்தனர். 1949இல் சென்னை மாகாண அரசு அவ்வுரிமையைப் பெற்றது. கவிஞரின் குடும்பத்தாருக்கு நிதியுதவி அளித்தது. பின்னர் படைப்புகள் மக்களின் பொதுவுடைமையாயின. அதன்பின் பல எழுத்தாளர்களின் நூல்கள் நாட்டுடைமையாக்கப்பட்டுள்ளன. படைப்பாளியின் குடும்பத்துக்குப் பரிவுத்தொகை, படைப்பு அனைவருக்கும் என்ற இந்த நெறியை மென்பொருளுக்கும் ஆய்வுக்கும் விரிவாக்க முடியும்.

முடியும் என்பதைக் கேரளம் காட்டியிருக்கிறது. 2001இல் தொடங்கிய ஐடி@ஸ்கூல் திட்டம், இன்று கைட் நிறுவனமாக, அரசுப் பள்ளிகளைக் கட்டற்ற மென்பொருளில் நடத்துகிறது. உரிமக் கட்டணம் மிச்சமானது ஒரு பயன். ஆசிரியர்களே மென்பொருளைத் தம் பாடத்துக்கேற்ப மாற்றக் கற்றுக்கொண்டது அதைவிடப் பெரிய பயன்.

ஆகவே கோரிக்கைகள் தெளிவானவை. பொதுப்பணத்தில் எழுதப்படும் நிரலும் ஆய்வும் பொதுமக்களுக்குத் திறக்கப்பட வேண்டும். 2015ஆம் ஆண்டுக் கொள்கை சட்டமாக்கப்பட வேண்டும். 3(கே) பிரிவைச் சுற்றறிக்கைகளால் அரிப்பது நிறுத்தப்பட வேண்டும். சி-டாக் போன்ற பொதுத்துறை நிறுவனங்களுக்கு நிதியும் நிரந்தரப் பணியிடங்களும் வழங்கப்பட வேண்டும். அரசின் சுதேசி, தனியார் நிறுவனத்துக்கு ஆள்பிடிப்பதாக இல்லாமல், மக்களின் தற்சார்பாக அமைய வேண்டும்.

விஷ்ராந்த்வாடிக்கு அருகிலேயே பூலே நகர் இருக்கிறது. ஜோதிராவும் சாவித்திரியும் 1848இல் இந்தப் புனேயில்தான் பெண்களுக்குப் பள்ளி திறந்தனர். 1868இல் ஜோதிராவ் தம் வீட்டு நீர்த்தொட்டியைத் தீண்டத்தகாதோர் என ஒதுக்கப்பட்டவர்களுக்குத் திறந்துவிட்டார். கல்வியும் தண்ணீரும் சிலரின் உடைமையாக இருந்தது சாத்திரப்படியே சரி என்று அன்று வாதிட்டவர்கள் உண்டு. இன்று அதே வாதம் உரிம ஒப்பந்தத்தின் மொழியில் வருகிறது. ஹிஞ்சேவாடியிலும் கராடியிலும் நிரல் எழுதும் இளைஞர்கள், தாம் எழுதியதைத் தாமே பார்க்க முடியாதவாறு வேலைநீக்கக் கடிதத்தோடு வெளியேற்றப்படுகிறார்கள். அவர்களைச் சங்கமாகத் திரட்டுவதும், கட்டற்ற மென்பொருளுக்காகப் போராடுவதும் ஒரே பணியின் இரு பகுதிகள். அந்தப் பணியை இந்தப் பகுதியிலிருந்தே தோழர்கள் தொடங்க வேண்டும்.