மரத்தில் ஒரு மீன்தொட்டி

மரவேலை பழக ஆரம்பிக்கிறவர்கள் வழக்கமாக ஸ்டூல், புத்தக அலமாரி என்றுதான் தொடங்குவார்கள். நான் மீன்தொட்டியைச் சொல்வேன். மரத்தில் தண்ணீரா என்று சிரிக்க வேண்டாம். கன்னியாகுமரிக் கரையில் ப்ளைவுட்டில் செய்த வள்ளங்கள் கடலுக்குப் போய்வருகின்றன. அங்கே தண்ணீர் உள்ளே வரக் கூடாது, இங்கே வெளியே போகக் கூடாது, அவ்வளவுதான்.

ஸ்டூலில் ஒரு மூட்டு துளி விலகினாலும் ஆயுசுக்கும் ஆடும். முன்பக்கம் மட்டும் கண்ணாடி வைத்த தொட்டியில் மரம் சுமையைத் தாங்கினால் போதும். தண்ணீரைத் தடுப்பது உள்ளே பூசுகிற எபாக்ஸி. கொஞ்சம் முன்னே பின்னே வெட்டிவிட்டாலும் பசையும் பூச்சும் மூடிவிடும். ஆனால் கணக்கில் மட்டும் தண்ணீர் யாருக்கும் சலுகை தராது. நீளத்தை இரட்டித்தால் முன்கண்ணாடியைத் தள்ளும் விசை இரண்டு மடங்கு ஆகும். உயரத்தை இரட்டித்தால் நாலு மடங்கு. அதனால் முதல் தொட்டியை 2 அடி உயரத்துக்கு மேல் ஏற்ற வேண்டாம். 3 அடி நீளத்துக்குக் குறைவாகத் தொட்டி வேண்டுமென்றால் மரத்தைத் தொடவே வேண்டாம், கடையில் கண்ணாடித் தொட்டி வாங்கிக்கொள்ளுங்கள். மரம் கட்டுபடியாவது பெரிய தொட்டிக்குத்தான்.

4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். இதற்கு ஒரே ஒரு ப்ளைவுட் பலகை போதும். 8-க்கு 4 பலகை 32 சதுர அடி. அடிப்பலகை 8, பின்பக்கம் 8, முன்பக்கம் 8, இரண்டு பக்கவாட்டும் சேர்த்து 8. ரம்பம் தின்கிற தூள் போக அளவு துளி குறையும், பரவாயில்லை. கடையில் IS 710 முத்திரை பார்த்து மரைன் ப்ளைவுட்டாகக் கேளுங்கள், 19 மில்லிமீட்டர் கனம். பக்கவாட்டுப் பலகைகள் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே உட்கார வேண்டும். அவற்றின் அகலத்தில் ஒன்றரை அங்குலம் குறைத்துவிடுங்கள்.

முன்பலகையில் சுற்றிலும் 3 அங்குலம் விட்டு ஜன்னல் வெட்டுங்கள். நாலு சட்டங்களை ஒட்டிச் செய்யாதீர்கள். ஒரே பலகையில் வெட்டினால்தான் மூலைகளுக்கு வலு. வெட்டியெடுத்த துண்டும் வீணாகாது. அதில் இரண்டு பட்டிகள் அறுத்து மேலே குறுக்காக வைத்தால் முன்பக்கம் வயிறு தள்ளாது. திருகாணி போடுமுன் துளை போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ப்ளைவுட்டின் விளிம்பு பிளந்துகொள்ளும். பசை காய்வதற்குள் இரண்டு மூலைவிட்டத்தையும் டேப்பால் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் பெட்டி சதுரமாக நிற்கிறது.

அடுத்தது எபாக்ஸி. நம் ஊர் வெயிலில் இதுதான் ஆளைப் படுத்தும். ரெசினையும் ஹார்டனரையும் கலந்ததும் கிண்ணத்துக்குள்ளேயே சூடேறி இறுக ஆரம்பித்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, காலை நேரத்தில், கையுறை போட்டுக்கொண்டு பூசுங்கள். உள்மூலைகள் எல்லாவற்றிலும் ஃபைபர் துணிப் பட்டையை எபாக்ஸியில் நனைத்துப் படிய வையுங்கள். மரம் ஈரத்துக்கு உப்பும், சுருங்கும். பூச்சு முதலில் விரிசல் விடுவது மூலையில்தான். மலிவு என்று பாலியெஸ்டர் ரெசின் பக்கம் போகாதீர்கள், அது மரத்தை எபாக்ஸி அளவுக்குப் பிடிக்காது.

பூச்சு முழுக்க இறுகிய பிறகு உள் அளவெடுத்து, அதற்கப்புறம் கண்ணாடிக்குச் சொல்லுங்கள், 12 மில்லிமீட்டர். கண்ணாடியை உள்பக்கமிருந்து ஒட்ட வேண்டும். தண்ணீர் 150 கிலோவுக்கு மேல் அதை வெளியே தள்ளும். அந்தத் தள்ளலே கண்ணாடியைச் சட்டத்தோடு அழுத்தி வைக்கும். வெளியே ஒட்டினால் அதே தண்ணீர் பிய்த்துப் போட்டுவிடும். தொட்டியை முகம் குப்புறப் படுக்க வைத்து, ஜன்னலைச் சுற்றி அறுபடாமல் சிலிகான் இழுத்து, கண்ணாடியைக் கிடையாக இறக்குங்கள். ஓங்கி அழுத்தினால் சிலிகான் முழுக்கப் பிதுங்கி வெளியே வந்துவிடும்; நடுவே ஒரு மெத்தைபோல் இருக்க வேண்டும். குளியலறைக்கு விற்கிற, பூஞ்சைமருந்து கலந்த சிலிகான் மீனுக்கு ஆகாது. நீங்கள் இழுத்த சிலிகான் காய்கிறபோது வினிகர் வாடை வரும், அது அடங்கும்வரை ஒரு வாரம் விட்டுவிடுங்கள்.

நிரப்பினால் சுமார் 360 லிட்டர் பிடிக்கும், அதாவது 360 கிலோ. மணல், கண்ணாடி, பலகை வேறு. அதனால் முதல் சோதனையை வாசலில், சமதளத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று நாள் நிரப்பி வைத்து, அடியில் காகிதம் விரித்து, ஈரம் படிகிறதா என்று பாருங்கள்.

ஒழுகவில்லையா? வீட்டுக்குள் வைத்து நாலைந்து சின்ன மீன் மட்டும் விடுங்கள். மீன் கழிவில் வரும் அம்மோனியாவைத் தின்று தீர்க்கும் பாக்டீரியா பெருகச் சில வாரம் ஆகும். அதுவரை சென்னைக் கொளத்தூரின் வண்ணமீன் கடைகள் பக்கம் போனாலும் பர்சை வெளியே எடுக்காதீர்கள்.