அடையாற்று முகத்துவாரமும் நச்சியல் படிப்பும்

ஒரு பொருள் நஞ்சா அல்லவா என்று கேட்டால் நச்சியல் என்னும் துறை நேரான விடை தருவதில்லை. எவ்வளவு, எந்த வடிவில், எவ்வளவு நேரம், எந்த உயிருக்கு என்று அது திருப்பிக் கேட்கிறது. அளவே ஒரு பொருளை நஞ்சாக்குகிறது என்று பதினாறாம் நூற்றாண்டில் பாரசெல்சஸ் என்ற சுவிட்சர்லாந்து மருத்துவர் எழுதியதும், சோதிக்கப்படும் உயிர்களில் பாதியைக் கொல்லும் அளவைக் கணக்கிடும் முறையை 1927-இல் டிரெவன் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் வகுத்ததும் பாடநூல்களில் தவறாமல் இடம்பெறுகின்றன. அந்த அளவு எல்.டி. 50 எனப்படும்; மீன்களைப் பொறுத்தவரை, உடலுக்குள் செலுத்தும் அளவுக்குப் பதிலாக நீரில் கலந்துள்ள செறிவே கணக்கில் கொள்ளப்படுவதால், பெரும்பாலும் 96 மணி நேரத்தில் பாதி மீன்கள் இறக்கும் செறிவு எல்.சி. 50 என்று குறிக்கப்படுகிறது. ஆறு, மண், கடல் என உயிர்கள் கூடிவாழும் இடங்களில் நஞ்சு செய்யும் வேலையை ஆராயும் கிளையே சூழல் நச்சியல்.

சென்னைக் கடற்கரைச் சாலையிலிருந்து தெற்கே, பட்டினப்பாக்கத்தை அடுத்துள்ள அடையாற்று முகத்துவாரம் இக்கேள்விகள் அனைத்தையும் ஒருங்கே கற்கத்தக்க இடம். மழைக்காலத்தின் முதல் வெள்ளம் வந்ததும் அங்கே மீன்கள் கூட்டமாகச் செத்து மிதப்பது பலமுறை செய்தியாகியிருக்கிறது. யாரோ நஞ்சைக் கலந்துவிட்டார்கள் என்ற பேச்சும் உடன் எழுவது வழக்கம். ஆனால் ஆற்றின் அடியில் மாதக்கணக்கில் படிந்து கிடந்த கழிவுநீர்ச் சேறு வெள்ளத்தில் கலங்கி மேலெழும்போது, அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனை விரைந்து தீர்த்துவிடுகின்றன என்பதும், 30 பாகை செல்சியசில் தூய நன்னீரே லிட்டருக்கு ஏறத்தாழ 7.5 மில்லிகிராம் ஆக்சிஜனைத்தான் தாங்கும் என்பதும் தெரிந்த மாணவர், குற்றவாளியைத் தேடுமுன் ஆக்சிஜனை அளப்பார். அதையும் விடியுமுன் அளப்பார். இரவெல்லாம் பாசிகளும் சுவாசித்து முடித்த அந்நேரத்தில்தான் ஆக்சிஜன் மிகக் குறைந்திருக்கும், அலுவலக நேரத்தில் எடுத்த மாதிரி அதைக் காட்டாது.

அடுத்துப் பார்க்க வேண்டியது அம்மோனியா. கழிவுநீரோடு வரும் இது, மின்னேற்றம் பெற்ற அம்மோனியம் அயனியாகவும், மின்னேற்றமில்லாத அம்மோனியாவாகவும் நீரில் இருக்கிறது. செவுள்களை எளிதில் ஊடுருவி மீனைக் கொல்வது முக்கியமாகப் பின்னதே. நீரின் அமில-காரத் தன்மையைக் குறிக்கும் பி.எச். அளவு 7 ஆக இருக்கையில், 25 பாகை வெப்பமுள்ள நன்னீரில், மொத்த அம்மோனியாவில் ஏறத்தாழ 0.6 விழுக்காடே இக்கொடிய வடிவில் இருக்கிறது, பி.எச். 8 ஆனதும் அது 5 விழுக்காட்டைத் தாண்டுகிறது, 9 ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாகிறது. ஆகவே மொத்த அம்மோனியாவை மட்டும் ஒற்றை எண்ணாகத் தரும் ஆய்வறிக்கையில், அதே எண் ஒருநாள் பொறுக்கத்தக்கதாகவும் மறுநாள் உயிர்கொல்லியாகவும் இருக்கக்கூடும்.

வடிவத்தின் இந்த வேறுபாடு உலோகங்களில் இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. தோல்தொழிலால் பெயர்பெற்ற குரோம்பேட்டை, பல்லாவரம் பகுதியும், தோல் ஆராய்ச்சிக்கென்று 1948-இல் நிறுவப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இயங்கும் அடையாறும் ஒரே நகரத்தில் இருப்பதால், சென்னை மாணவருக்குக் குரோமியம் அயலான பொருளன்று. தோல் பதனிடப் பயன்படும் மூவிணைதிறக் குரோமியம் உயிரணுச் சவ்வை எளிதில் கடப்பதில்லை. அறுவிணைதிறக் குரோமியமோ, சல்பேட்டை ஒத்த அமைப்பைக் கொண்டிருப்பதால் சல்பேட்டுக்கு உரிய வழியிலேயே உயிரணுவுக்குள் நுழைந்து மரபுப்பொருளைச் சிதைக்கிறது. இராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலை ஒன்று விட்டுச்சென்ற, இரண்டு லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவுக்குவியல் அச்சத்துக்குரியதாக இருப்பது, அதில் குரோமியம் உள்ளது என்பதால் மட்டுமன்று, அது இந்த இரண்டாம் வடிவில் நிலத்தடி நீருக்குள் கசிகிறது என்பதாலேயே.

எந்த உயிருக்கு என்ற கேள்விக்குப் பிணந்தின்னிக் கழுகுகளைவிடப் பொருத்தமான பாடம் இல்லை. மாடுகளின் வலிதீர்க்கக் கொடுத்த டைகுளோஃபெனாக், அவற்றின் சடலத்தைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்ததை 2004-இல் ஆய்வாளர்கள் நிறுவினர். இந்தியா 2006-இல் கால்நடைகளுக்கு அம்மருந்தைத் தடைசெய்தது. எலியிலும் மாட்டிலும் செய்த எந்தச் சோதனையும் இதை முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது.

இத்தகைய துறை தமிழ்நாட்டில் ஒரே கூரையின்கீழ் கிடைப்பது அரிது. விலங்கியல், மருந்தியல், தடயவியல், வேதியியல் என்று அது சிதறிக் கிடக்கிறது: சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாக விலங்கியல் துறையில் ஒரு பகுதி, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் உயராய்வு மையத்தில் ஒரு பகுதி, படப்பையிலும் போரூரிலும் உள்ள நச்சியல் ஆய்வகங்களில் வேறொரு பகுதி. மாணவர் தாமே கோத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. விலங்கியல் வகுப்புகளில் அறுத்துப் பார்க்கும் வழக்கத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு 2014-இல் நிறுத்தியதை இழப்பாகக் கருதுவோர் உண்டு; இழப்பு பெரிதன்று. 2013-இல் பன்னாட்டு வழிகாட்டு நெறியாக ஏற்கப்பட்ட ஜீப்ரா மீன் கருச் சோதனையில், கண்ணாடி போன்ற கருவில் இதயம் துடிக்கிறதா, வால் பிரிகிறதா என்பதை 96 மணி நேரம் நுண்ணோக்கியில் பார்த்தே நச்சுத்தன்மையை மதிப்பிடலாம்.

உண்மையான குறை களப்பணியில் இருக்கிறது. விநாயகர் சிலைகள் கரைக்க அனுமதிக்கப்படும் இடங்களுள் ஒன்று பட்டினப்பாக்கம் சீனிவாசபுரம். சிலைகளைக் கரைப்பதற்கு முன்னும், கரைக்கும்போதும், பின்னும் நீரைச் சோதிக்க வேண்டும் என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் நெறி. சாயத்திலிருந்து வரும் ஈயம் போன்ற உலோகங்கள் விரைவில் வண்டலில் தங்கிவிடுவதால், நீர் மாதிரி தூய்மையாகத் தோன்றும் நாளில் வண்டல் வேறு கதை சொல்லும். வெள்ளம் அவ்வண்டலைக் கலக்கும்போது அவ்வுலோகங்கள் மீண்டும் நீருக்கு வரும். செப்டம்பரில் படிந்ததையும் அக்டோபரில் மிதந்ததையும் இணைத்துப் பார்க்க, ஜூன் தொடங்கி ஒரே இடத்தில், ஒரே முறையில் எடுத்த அளவுகள் வேண்டும். ஆனால் முதுகலை ஆய்வேடு பெரும்பாலும் நான்காம் பருவத்தில், டிசம்பருக்கும் ஏப்ரலுக்கும் இடையே எழுதப்படுகிறது; மழை ஓய்ந்து, மணல்திட்டு முகத்துவாரத்தை அடைக்கத் தொடங்கும் மாதங்கள் அவை. ஆய்வேட்டுப் பணியை மூன்றாம் பருவத்துக்கு மாற்றினால், கூடுதல் செலவின்றியே, மாணவர்கள் மழைக்கு முன்னும் பின்னும் ஆற்றோரம் நிற்க முடியும்.