சதுரங்கச் சபையில் பிரதிநிதித்துவம்

சதுரங்கப் பலகையில் இரு தரப்பாருக்கும் பதினாறு காய்களே உண்டு. ஆட்டம் தொடங்கும் வேளையில் எவருக்கும் ஒன்று கூடுவதுமில்லை, ஒன்று குறைவதுமில்லை. ஆனால், அவ்வாட்டத்தை நிருவகிக்கும் சபைகளில் இத்தகைய சமத்துவத்தை ஏற்படுத்துதல் எளிதன்று. ஒரு பிரதேசத்தில் ஆயிரக்கணக்கானோர் ஆடுவர். மற்றொன்றில் மிகச் சிலரே ஆடுவர். சபையிலே இவ்விரு பிரதேசங்களுக்கும் எத்தனை ஆசனங்கள் வழங்குதல் நீதியாகும்?

1924ஆம் ஆண்டிலே பாரிஸ் நகரில் தோன்றிய சர்வதேசச் சதுரங்க சம்மேளனம், நாட்டுக்கு ஒரு வாக்கு என்னும் நெறியைக் கைக்கொண்டுள்ளது. 2022ஆம் ஆண்டு சென்னையில் அதன் தலைவர் தெரிவு நிகழ்ந்தபோது, பெருந்தேசமாகிய இந்தியாவுக்கும் ஒரு வாக்கே; சின்னஞ்சிறு தீவு நாட்டுக்கும் ஒரு வாக்கே.

ஐக்கிய அமெரிக்காவின் சதுரங்க சம்மேளனமோ வேறு வழியை மேற்கொண்டது. அங்கிருந்த இரு சங்கங்கள் இணைந்து, 1939ஆம் ஆண்டில் உருவான அமைப்பு அது. அதன் பிரதிநிதிகள் சபையில், அங்கத்தவர் தொகைக்கு ஏற்ப மாநிலங்களுக்கு ஆசனங்கள் பகிரப்படுகின்றன. மிகப் பரந்த கலிபோர்னியா மட்டும் வடக்கு, தெற்கு என இரு பிரிவுகளாகக் கணிக்கப்படுகின்றது. ஆசனங்களின் தொகையைச் சம்மேளனம் வகுக்க, அவற்றில் அமர்வோரை அந்தந்த மாநிலச் சங்கமே தெரிவு செய்கின்றது. ஆண்டுதோறும் நடைபெறும் அமெரிக்கத் திறந்த போட்டியை ஒட்டிப் பிரதிநிதிகள் கூடுவர். அப்போட்டி ஆண்டுக்கு ஒரு நகரில் நிகழ்வதால், சிலருக்குப் பயணம் நெடியதாகும். வர இயலாதார் இடத்தை நிரப்ப மாற்றுப் பிரதிநிதிகளும் உளர்.

இரு முறைகளிலும் நன்மையும் உண்டு, குறையும் உண்டு. தொகையை மட்டும் நோக்கினால் சிறிய பிரதேசத்தின் குரல் அமுங்கிவிடும். இடத்தை மட்டும் நோக்கினால், பெரிய பிரதேசத்து ஆட்டக்காரர் ஒருவரின் வாக்கு, சிறிய பிரதேசத்தவர் ஒருவரின் வாக்கினும் மதிப்புக் குன்றிவிடும்.

எனினும், எந்த முறையை ஏற்றாலும் அதன் வேர் உள்ளூர்ச் சங்கத்திலேயே உள்ளது. ஆண்டுக் கூட்டத்துக்கு நால்வர் மட்டுமே வருவராயின், அந்நால்வரின் விருப்பமே மாநிலத்தின் விருப்பமாகிவிடும். எத்துணைச் செம்மையாக ஆசனங்களைப் பகிர்ந்தாலும், வாராது வீட்டில் இருந்தவரின் எண்ணத்தை அவ்வாசனம் எடுத்துரைக்க மாட்டாது. நெடுந்தொலைவில் கூடும் சபையிலே நீதி கோருவோர், முதலில் தம் ஊர்க் கூட்டத்துக்குச் செல்லுதல் வேண்டும்.